தியானத்தில் உட்கார்ந்தால் மண்டிக் கணக்குதான் ஓடுகிறது: என்ன செய்வது?

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் ஒருவர் கேட்ட கேள்விகளுக்கான பதில் இது. வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. சில மாதங்களுக்கு முன் இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்து மருத்துவர் மாத்திரை தொடங்கியிருக்கிறார். கூடவே, தியானம் பழகிப் பாருங்கள் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். கண்ணை மூடிய அரை நிமிடத்துக்குள் பெங்களூருக்குப் போன லோடு, பெட்டிக்கு இறங்கிய விலை, பாக்கி வைத்திருக்கும் ஆளின் முகம் என்று ஒவ்வொன்றாக வந்து நின்றுவிடுகிறதாம். தமக்குத் தியானமே வராதோ, தீட்சை வாங்கினால்தான் வருமோ, பலன் தெரிய எவ்வளவு நாள் ஆகும், பலன் தெரிந்தபின் மாத்திரையை விட்டுவிடலாமா, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகனையும் உட்கார வைக்கலாமா என்று கேட்கிறார்.

எண்ணங்கள் வருவதால் தியானம் வரவில்லை என்று முடிவுகட்டியதுதான் இதில் உள்ள ஒரே தடை என்பது என் கருத்து. புதிதாகப் பழக வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த எண்ணத்தோடுதான் வருகிறார்கள். பாதிப் பேர் இதனாலேயே இரண்டாம் வாரம் நின்றுவிடுகிறார்கள். தியானம் என்றால் மனம் வெறுமையாகிவிட வேண்டும், ஓர் எண்ணமும் தலைகாட்டக் கூடாது என்று எங்கோ கேட்டிருப்பார்கள். சினிமாவில் காட்டப்படும் முனிவரின் முகமும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மதயானையையும் வசமாக நடத்திவிடலாம், கரடி, புலிகளின் வாயையும் கட்டிவிடலாம், சிங்கத்தின் முதுகிலும் ஏறிக்கொள்ளலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று பாடியவர் தாயுமானவர். ஆன்மிகத்திலேயே ஊறிய ஒருவர் அப்படிச் சொல்லியிருக்கும்போது, விடியற்காலையில் ஏலச் சத்தத்தில் நின்றுவிட்டு வரும் ஒருவர், முதல் வாரத்திலேயே மனம் அடங்கவில்லை என்று வருந்துவதில் பொருள் இல்லை.

மனம் அலைவது இயல்பு என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2010ஆம் ஆண்டில் சயின்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வில், 2,250 பேரிடம் நாளின் வெவ்வேறு நேரங்களில் கைப்பேசி வழியாக, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, வேறெங்காவது இருக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். ஏறத்தாழ 47 விழுக்காடு நேரம் மனம் கையிலிருக்கும் வேலையில் இல்லை. வேலை எதுவும் தராமல் சும்மா விட்டால், தன்னைப் பற்றியும், நடந்ததையும், நடக்கப் போவதையும் பற்றி ஓயாமல் நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு வலைப்பின்னல் மூளையில் இருப்பதை நரம்பியலாளர்கள் 2001 வாக்கில் விளக்கினார்கள். ஆகவே, கண்ணை மூடியதும் மண்டிக் கணக்கு ஓடுவது உங்கள் மனத்தின் கோளாறு அல்ல. கணக்கு நாள் முழுவதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உட்கார்ந்தபின் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் தியானத்தில் நாம் செய்வது என்ன? மூச்சு, ஒரு பெயர், ஒரு சுடர், புருவ நடு என்று ஏதோ ஒன்றில் கவனத்தை வைக்கிறோம். சற்று நேரத்தில் கவனம் அதை விட்டுப் போய்விடுகிறது. போய்விட்டது என்பது ஒரு கணத்தில் தெரிகிறது. தெரிந்ததும் கோபப்படாமல் திரும்ப அதே இடத்தில் கொண்டுவந்து வைக்கிறோம். மறுபடியும் போகும், மறுபடியும் கொண்டுவருவோம். இதுதான் முழுப் பயிற்சியும். ஏர் ஓட்டுகிறவர், மாடு உழவு வரியை விட்டு விலகும்போதெல்லாம் திருப்பிவிட்டுக்கொண்டேதான் உழுகிறார். மாடு விலகியதால் அன்றைக்கு உழவே நடக்கவில்லை என்று எந்தக் குடியானவரும் சொல்வதில்லை.

உங்களுக்கு நடப்பதையே எடுத்துக்கொள்வோம். மூச்சைக் கவனித்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மூன்றாவது மூச்சில், லாரி அத்திப்பள்ளியைத் தாண்டியிருக்குமா என்று தோன்றுகிறது. அதிலிருந்து டிரைவர் நேற்றுப் போன் எடுக்காதது, அதிலிருந்து டீசல் காசு, அதிலிருந்து போன வருடம் விலை விழுந்தபோது சாலையோரம் கொட்டிய தக்காளி, அதிலிருந்து மகனுடைய கல்லூரிச் செலவு என்று மனம் ஒரு சுற்றுப் போய்வருகிறது. நடுவில் எங்கோ ஓரிடத்தில், அட, மூச்சை விட்டுவிட்டோமே என்று உறைக்கிறது. அந்த உறைத்தலை நீங்கள் முயன்று வரவழைக்கவில்லை, தானாகவே வந்தது. பழக்கத்தில் வளர்வது அதுதான். முதலில் பத்து நிமிடம் கழித்து உறைக்கும். பிறகு இரண்டு நிமிடத்தில் உறைக்கும். சில மாதங்களில், போன் எடுக்காத டிரைவரோடு நின்றுவிடும், கல்லூரிச் செலவு வரைக்கும் போகாது. உறைத்த அந்தக் கணத்தில் பெரும்பாலோர் செய்வது, ச்சே, மறுபடியும் போய்விட்டதே என்று தம்மையே திட்டிக்கொள்வது. அந்தத் திட்டும் இன்னோர் எண்ணம்தான். அதற்குப் பின்னால் ஓடினால் சுற்று இன்னும் நீளும். மனத்துக்குள் ஒருமுறை ‘கணக்கு’ என்றோ ‘கவலை’ என்றோ பெயர் சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். அந்த எண்ணம் நல்லதா கெட்டதா என்று ஆராய வேண்டாம்.

வியாபாரிகளுக்கு நான் கூடுதலாக ஒன்று சொல்வதுண்டு. உட்காருவதற்கு முன் ஒரு துண்டுத்தாளில், அன்றைக்கு மறக்கக் கூடாதவற்றை எழுதி வைத்துவிடுங்கள்: யாருக்குப் பணம் தர வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும், எத்தனை பெட்டி திரும்ப வர வேண்டும். மனம் ஒரே விஷயத்தை மறுபடி மறுபடி கொண்டுவந்து நீட்டுவதற்கு, அது மறந்துவிடுமோ என்ற பயமும் ஒரு காரணம். தாளில் ஏறிவிட்டால் அந்தப் பிடி கொஞ்சம் தளரும்.

நேரத்தைப் பற்றி ஒரு கருத்து வேறுபாடு எனக்கு உண்டு. சூரியன் உதிப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் முன்பு தொடங்கும் பிரம்ம முகூர்த்தத்தில்தான் உட்கார வேண்டும் என்று பலரும் வற்புறுத்துகிறார்கள். சத்தமில்லாத நேரம், வயிறு காலியாக இருக்கும் நேரம் என்பதால் அது நல்ல நேரம்தான். ஆனால் அந்த நேரத்தில் மண்டிக்குக் கிளம்ப வேண்டிய ஒருவர், அதற்கும் முன்பாக எழுந்து தியானம் செய்வதென்றால் தூக்கத்தைத்தான் வெட்ட வேண்டியிருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். தூக்கம் குறைந்தால் இரத்த அழுத்தமும் ஏறும். தியானம் தூக்கத்துக்கு மாற்று அல்ல. ஏலம் முடிந்து, கணக்கெழுதி, வீடு திரும்பிக் குளித்தபின், சாப்பிடுவதற்கு முன் உட்காருங்கள். அல்லது, மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் உட்காருங்கள். மதியம் களியும் கீரைக் குழம்பும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் குறட்டைதான் வரும். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரமாவது போகட்டும். எந்த நேரமாக இருந்தாலும், தினமும் அதே நேரம், அதே இடம் என்று இருப்பது முக்கியம். பழக்கமாகிவிட்டால், இன்றைக்கு உட்காரலாமா வேண்டாமா என்று மனத்தோடு வாதாட வேண்டியதில்லை.

இடத்துக்குத் தனி அறை வேண்டாம். சித்திரை, வைகாசியில் நம் பக்கத்துத் தார்சு வீடுகள் உள்ளே கொதிக்கும். அப்போது மாலையில் மொட்டை மாடியே நல்லது. ஓசூர், தளிப் பக்கத்தில் இருப்பவர்கள் மார்கழியில் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்காரட்டும். கோயில் ஒலிபெருக்கி, டிராக்டர், பால் சொசைட்டிக்குப் போகும் வண்டி என்று சத்தம் இருக்கத்தான் செய்யும். சத்தத்தோடு சண்டை போடாமல், காதில் விழுகிறது என்று மட்டும் அறிந்துகொண்டு மூச்சுக்குத் திரும்பலாம். கைப்பேசியை மட்டும் ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் மண்டி மூழ்கிவிடாது.

உட்காரும் விதத்தில் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பத்மாசனம் கட்டாயம் இல்லை. தரையில் சம்மணமிட முடிந்தால், ஜமக்காளத்தை நான்காக மடித்து இடுப்புக்குக் கீழே மட்டும் வைத்து, முழங்கால்களைவிட இடுப்பு சற்று உயரமாக இருக்கும்படி உட்காருங்கள். முதுகு தானாக நிமிரும், கீழ்முதுகு வலி குறையும். நாள் முழுவதும் நின்று வேலை செய்து முழங்கால் பிடித்துக்கொண்டவர்கள் நாற்காலியில் உட்காரலாம். உட்கார்ந்ததும் நடுவில் தொய்ந்துபோகும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். பலகை வைத்த நாற்காலியாக இருக்கட்டும். பாதங்கள் இரண்டும் தரையில் முழுமையாகப் படிய வேண்டும், முதுகு சாய்மானத்தை விட்டுச் சற்று முன்னால் இருக்க வேண்டும், கைகள் தொடைமேல் தளர்ந்து கிடக்க வேண்டும், முகவாய் சற்று உள்வாங்கியிருக்க வேண்டும். தாடையையும் தோள்களையும் ஒருமுறை கவனியுங்கள். பேரம் பேசிப் பேசியே இறுகிப்போன தாடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பல்லோடு பல் படாமல் விட்டாலே முகம் பாதி தளர்ந்துவிடும்.

இனி முறை. முதலில் மூன்று மூச்சுகளை மட்டும், வெளியே விடுவது உள்ளே இழுப்பதைவிடச் சற்று நீளமாக இருக்கும்படி, மெதுவாக விடுங்கள். அதன்பிறகு மூச்சை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். நீளமாக்கவோ ஆழமாக்கவோ முயல வேண்டாம். மூக்கு நுனியில் காற்று உரசுவது தெரிந்தால் அங்கே கவனத்தை வையுங்கள். வயிறு ஏறி இறங்குவது நன்றாகத் தெரிந்தால் அங்கே வையுங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதையே தொடருங்கள். வெளியே விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்று, இரண்டு என்று பத்துவரை மனத்துக்குள் எண்ணிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். எண்ணிக்கை தவறிப்போனால் ஒன்று; பத்தைத் தாண்டிப் பதினேழு வரை போய்விட்டாலும் ஒன்று. முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாமே என்று தோன்றும்போதே எழுந்துவிடுவது நல்லது. அடுத்த நாள் உட்கார மனம் தானாக வரும். இரண்டாம் வாரத்தில் பத்து நிமிடம், இரண்டு மாதத்தில் இருபது நிமிடம் என்று கூட்டிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஆறு நாள் சும்மா இருப்பதைவிட, தினமும் பத்து நிமிடம் உட்காருவது எவ்வளவோ மேல்.

முதலில் மூச்சை நீளமாக விடச் சொல்வதற்கு உடலியல் காரணம் உண்டு. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே விரைவாகிறது, வெளியே விடும்போது சற்றே தணிகிறது. தணிப்பது, மூளையிலிருந்து இறங்கி இதயம் வரை வரும் வேகஸ் நரம்பு. சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும் மூச்சை, ஆறு அளவுக்கு மெதுவாக்கினால் இந்தத் தணிப்பு நன்றாகவே தெரிகிறது. பெரிய ஏலத்துக்குமுன் நெஞ்சு படபடக்கும்போது, கண்ணை மூடாமலே, யாருக்கும் தெரியாமலே, நீளமாக நான்கைந்து மூச்சு விட்டுப் பாருங்கள்.

ஆனால் மூச்சை அடக்கும் வேலைக்கு மட்டும் நீங்களாகப் போகாதீர்கள். திருமந்திரம் பிராணாயாமம் என்ற மூச்சுப் பயிற்சிக்கு 16 மாத்திரை (இங்கே மாத்திரை என்பது நேர அளவு) இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விடும் கணக்கைச் சொல்கிறது. குருவின் பக்கத்தில் இருந்து பல காலம் பழகுகிறவர்களுக்கான அளவு அது. யூடியூப் பார்த்துவிட்டு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை நெடுநேரம் நிறுத்திப் பார்ப்பதும், வயிற்றை உதறி வேகவேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா போன்றவற்றைச் செய்வதும் ஆபத்தில் கொண்டுபோய் விடலாம். மூச்சைக் கவனிப்பது வேறு, மூச்சை ஆள்வது வேறு. உங்களுக்கு இப்போது முதலாவது போதும்.

தீட்சையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலே சொன்ன மூச்சுக் கவனிப்புக்குத் தீட்சை தேவையில்லை. ஒரு மரபுக்குள் போய்ப் பழக விரும்பினால் அந்த மரபின் முறைப்படி பெற்றுக்கொள்ளலாம். நம் பக்கத்து ஊர்களில் எளிதில் கிடைப்பது வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை. 1911இல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சி அருகே ஆழியாற்றில் அந்தச் சங்கத்தின் அறிவுத் திருக்கோயில் இருக்கிறது. குடும்பத்தை விடாமல், தொழிலை விடாமல் செய்யும்படி முறையை எளிமையாக்கியதுதான் அவர் செய்த பெரிய காரியம். மனவளக்கலை மன்றத்தில் புருவ நடுவில் கவனம் வைக்கும் ஆக்கினைத் தவத்தில் தொடங்கி, கவனத்தை முதுகெலும்பின் அடியிலுள்ள மூலாதாரத்துக்கு இறக்கிச் சமன்செய்யும் சாந்தித் தவத்தையும் சொல்லித்தருவார்கள். உடற்பயிற்சியும் சேர்ந்தே இருப்பதால், குனிந்து நிமிர வாய்ப்பில்லாத வேலையில் இருப்பவர்களுக்கு அது இரட்டை நன்மை.

கோயங்கா பரப்பிய விபாசனா என்ற பௌத்தத் தியான முறையின் முகாம்களுக்கும் இங்கிருந்து போய்வருகிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் மையங்கள் உண்டு, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூர் பக்கம். கட்டணம் கிடையாது, பத்து நாள் பேச்சும் இல்லை, போனும் இல்லை. அருமையான பயிற்சிதான், ஆனால் ஐந்து நிமிடம் உட்காரப் பழகாதவருக்கு அதை முதற்படியாக நான் சொல்ல மாட்டேன். தக்காளி வரத்து உச்சத்தில் இருக்கும் மாதத்தில் உங்களால் போகவும் முடியாது. திருவண்ணாமலை நமக்கு ஊத்தங்கரை, செங்கம் வழியாகச் சில மணி நேரப் பயணம்தான். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உட்கார முடியாதவர்களுக்கு அந்த 14 கிலோமீட்டரும் தியானமாக ஆகலாம். பேச்சை நிறுத்திப் பாதம் தரையில் படுவதைக் கவனித்து ஒரு கிலோமீட்டராவது நடக்க வேண்டும். கடைகளையும் கூட்டத்தையும் பார்த்துக்கொண்டு பேசியபடி நடந்தால் உடற்பயிற்சி மட்டும் மிஞ்சும், அதுவும் நல்லதுதான்.

எந்த மரபும் வேண்டாம் என்றால் உங்கள் குலதெய்வத்தின் பெயர் போதும். ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1970களில் இதை ஆராய்ந்து, ஒரு சொல்லையோ ஒலியையோ திரும்பத் திரும்பச் சொல்வதும், இடையில் வரும் எண்ணங்களைப் பொருட்படுத்தாமல் திரும்பி வருவதும் சேர்ந்தால் துடிப்பும் மூச்சும் தணிகின்றன என்று காட்டினார். தஸ்பீஹ் மணி உருட்டும் பாய் வீட்டுப் பெரியவரும், ஜெபமாலை சொல்லும் கிறித்தவப் பாட்டியும், முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே பூ கட்டும் அம்மாவும் இதை எப்போதோ அறிந்திருக்கிறார்கள்.

பலன் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில்தான் மிகைப்படுத்தல் அதிகம். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியதிலிருந்து, தியானம் மருத்துவ ஆய்வுக்குள் வந்தது. 2014இல் 47 ஆய்வுகளை, மொத்தம் 3,515 பேரை உள்ளடக்கியவற்றை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகிய மூன்றிலும் தியானம் சிறிது முதல் நடுத்தர அளவு வரை உதவுகிறது என்று தெரிந்தது. தூக்கம், உடல் எடை, கவனத்திறன் ஆகியவற்றுக்குப் போதிய சான்று இல்லை. மருந்தையோ உடற்பயிற்சியையோவிட மேல் என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை. 2022இல் பதற்றக் கோளாறு உள்ள 276 பேரிடம் நடந்த ஆய்வில், எட்டு வாரத் தியானப் பயிற்சி, அதற்கென வழக்கமாகத் தரப்படும் ஒரு மாத்திரைக்குச் சளைக்காமல் வேலை செய்தது. எட்டே வாரத்தில் மூளையின் சில பகுதிகள் தடிக்கின்றன என்று 2011இல் வந்த செய்தி வாட்ஸ்அப்பில் இன்றைக்கும் சுற்றுகிறது. 2022இல் இன்னும் அதிகமான பேரிடம் செய்த ஆய்வில் அந்த மாற்றம் தென்படவில்லை என்ற செய்தி மட்டும் சுற்றுவதில்லை.

இரத்த அழுத்தத்துக்கு வருவோம். அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, மருந்து, உணவு, உடற்பயிற்சி ஆகிய வழக்கமான சிகிச்சைகளோடு துணையாகத் தியானத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது. துணையாக என்பதைக் கவனியுங்கள். சில அழுத்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்னைவிட மேலே பாயும். அழுத்தம் ஏறியிருப்பது உடம்புக்குத் தெரியாமலும் இருக்கும். எனவே மனம் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் மாத்திரையை நீங்களாக விடக் கூடாது. வீட்டில் ஒரு அளவுமானி வாங்கி வையுங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்தபின், கையை இதய உயரத்தில் வைத்து, வாரத்தில் சில நாள் ஒரே நேரத்தில் அளந்து குறித்து வைத்தால், மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று மருத்துவர் அதைப் பார்த்து முடிவு செய்வார். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சேர்க்கச் சொல்கிறது. ஊறுகாயையும் கருவாட்டையும் விடாமல் தியானத்தின்மேல் மட்டும் பாரத்தைப் போடுவது நியாயம் இல்லை.

நாள் கணக்குக் கேட்டிருந்தீர்கள். ஆய்வுகள் பெரும்பாலும் எட்டு வாரத்தை அளவாகக் கொண்டவை; நீங்களும் இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். அதுவும் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பார்க்காதீர்கள், மற்ற நேரத்தில் பாருங்கள். தர்மபுரியில் பழக வந்த ஒரு பேருந்து நடத்துநர் சொன்னதைவிடச் சரியாக இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை: “கோபம் வரத்தான் வருதுங்க, ஆனா கொஞ்சம் லேட்டா வருது.” அந்த லேட்டுக்குள்தான், சில்லறை தராத பயணியைத் திட்டுவதா வேண்டாமா என்று அவரால் முடிவெடுக்க முடிந்தது. உங்கள் விஷயத்தில், பாக்கிக்காரர் போனில் சாக்குச் சொல்லும்போது அந்த இடைவெளி தெரியலாம். உங்களைவிட முன்னால் கடையில் எடை போடும் பையன் அதைக் கண்டுபிடித்துவிடுவான்.

வழியில் சில தொந்தரவுகள் வரும். கால் மரத்துப்போனால் மெதுவாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பொறுத்துக்கொள்வதில் புண்ணியம் ஏதும் இல்லை. அரிப்பு எடுத்தால் சில நொடி அதையே கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும், போகாவிட்டால் சொறிந்துகொள்ளலாம். தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து தரையைப் பாருங்கள். தினமும் வந்தால் இரவுத் தூக்கம் போதவில்லை என்று அர்த்தம். ஒளி தெரிவது, நெற்றியில் அழுத்தம், உடம்பு மிதப்பது போன்ற உணர்வு எல்லாம் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. வந்தவர் மேலே போய்விட்டார் என்றோ, வராதவர் பின்தங்கிவிட்டார் என்றோ எண்ண வேண்டியதில்லை. திடீரென்று அழுகை வருவதும் உண்டு. நெடுநாள் அடக்கி வைத்த துக்கம் அமைதியில் மேலே வருகிறது. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு எழுந்தால் போதும்.

ஆனால் உட்கார உட்காரப் பயம் கூடிக்கொண்டே போனாலோ, பல நாள் தூக்கம் கெட்டாலோ, யாரோ பேசுவதுபோல் காதில் கேட்டாலோ, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றினாலோ, தியானத்தை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். முன்பு மனநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பல நாள் மௌன முகாம்களுக்குப் போகக் கூடாது. இதைச் சொன்னால் சில ஆசிரியர்களுக்குப் பிடிப்பதில்லை. தியானத்தால் கெடுதலே வராது என்பார்கள். வலுவான எந்தப் பயிற்சியும் ஆள் பார்த்துத்தான் தர வேண்டும்.

மகனைப் பற்றி: கட்டாயப்படுத்தி உட்கார வைக்காதீர்கள். இங்கிலாந்தில் 8,000க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே இப்படிப்பட்ட பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள்; 2022இல் வந்த முடிவின்படி, வழக்கமான வகுப்புகளைவிட அது பிள்ளைகளின் மனநலத்துக்குக் கூடுதலாக எதுவும் செய்யவில்லை; பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பழகவே இல்லை. மதிப்பெண் கூடும் என்று சொல்லி உட்கார வைத்தால், அதுவும் இன்னொரு டியூஷன் ஆகிவிடும். நீங்கள் உட்காரும் நேரத்தில் வீட்டில் டிவி அணைந்திருக்கட்டும். அவனாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், பத்துவரை எண்ணும் முறையைச் சொல்லிக்கொடுத்து ஐந்து நிமிடத்தில் எழுப்பிவிடுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் அவனுக்கு அதைவிட வேண்டியது, இரவு பதினொரு மணிக்குப் போனை வாங்கி வைத்துவிட்டுத் தூங்கவிடுவது.